மெஹர் பார்த்த வளைந்த கோடு

என் உயிர் மச்சான் ஜாபருக்கு,

உன் மீது ஸலாம். கபர்ஸ்தானில் உன்னை அடக்கிய இடத்துக்கு வரும்போதெல்லாம் சொல்கிற அதே ஸலாம்தான், இன்று காகிதத்தில். அங்கே நின்று வாய்விட்டுப் பேசினால் பக்கத்துக் கபருக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இதுவோ சொல்லி முடிக்க நேரம் பிடிக்கிற விஷயம். பாதியில் குற்ற ஒப்புதலும் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறுவாய். மெஹர் நன்றாக இருக்கிறாள். உன் மனைவியும் என் தங்கையுமான அந்தப் பிடிவாதக்காரி இப்போது சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். அந்தக் கேமரா வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் புத்தி உனக்குத் தெரியும். தாம்பரத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பழைய பைக் வாங்கி விற்கிறேன். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை ஒருநாளும் நம்பியதில்லை. ‘ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி’ என்று யாராவது ஆரம்பித்தால் என் கண் நேராகச் செயின் தேய்மானத்துக்குப் போகும். நீ என் கடை வாசலில் டீயைக் குடித்தபடி, “உனக்கு எவனாவது ஸலாம் சொன்னாக்கூட, இவன் எதுக்குச் சொன்னான்னு யோசிப்படா நீ” என்று சிரிப்பாய். அந்தப் புத்தி நீ போன பிறகு இன்னும் கூடிப்போனது. உன் ஜனாஸா அன்று மெஹரின் தலையைத் தொட்டு, “நான் பாத்துக்குறேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேனே, அதிலிருந்து.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருந்தேன். டீ போட்டுக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, எனக்கு ஒரு கேமரா வாங்கணும். சின்னதா, கைப்பைக்குள்ள போற மாதிரி. ஆனா வ்யூஃபைண்டர் இருக்கணும்.”

“என்ன இருக்கணும்?”

“கண்ணுகிட்ட ஒட்டி வெச்சுப் பாக்குற சின்ன ஜன்னல். ஏரியில வெயில் அடிக்கிறப்ப போன் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கையும் ஆடுது. முகத்தோட ஒட்டிப் பிடிச்சா ஆடாதாம்.”

ஆடாதாம். அந்த ‘ஆம்’ என் காதில் தட்டியது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“யார் சொன்னா?”

“ரகு சார். பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர். காலையில ஏரிக்கு வருவார், பறவை போட்டோ எடுப்பார்.”

சொல்லிக்கொண்டே டம்ளரில் ஊற்றினாள். டீ பாதி டம்ளருக்குள்ளும் பாதி மேசையிலும் போனது. அந்தப் பெயரைச் சொன்னதும் கை தடுமாறுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று அதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை மச்சான்.

மறுவாரம் என்ன செய்தேன் தெரியுமா? காலை ஆறரைக்கு, யாரோ விற்பதற்காக என்னிடம் விட்டிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஏரிக்கரைக்குப் போய் நின்றேன். ஆறேழு பேர் இருந்தார்கள். மெஹர் ஒரு கல் பெஞ்சில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தாடியும் தொப்பியுமாக இருந்தவர்தான் ரகு சார். அவருடைய மனைவி பிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகத் திரும்பியிருப்பார்கள். நானோ, இந்த மனுஷன் எதற்காக மனைவியைக் கூடவே அழைத்து வருகிறார், யாரை நம்ப வைக்க, என்று யோசித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

அதைவிடக் கேவலமானதும் ஒன்று உண்டு. இன்னொரு நாள் அவள் சமையலறையில் இருந்தபோது அவளுடைய போனைத் திறந்து பார்த்தேன். உன் மகள் சனா பிறந்த வருஷம்தான் பூட்டு எண் என்று எனக்குத் தெரியும். ரகு சாரிடமிருந்து வந்திருந்த செய்திகளைப் படித்தேன். ‘நாளை 6.15. நீலத் தாழைக்கோழி வந்திருக்கிறது.’ ‘நாளை மழை, யாரும் வர வேண்டாம்.’ அவ்வளவுதான். மீதியெல்லாம் படங்கள். நூற்றுக்கணக்கில் பறவைகள், எல்லாம் மங்கல். ஒன்றில்கூடப் பறவையின் கண் தெளிவாக இல்லை. போனை வைத்துவிட்டு, மற்ற செய்திகளையெல்லாம் அழித்திருப்பாளோ என்று நினைத்தேன். உன் மனைவியைப் பற்றி, மச்சான். என் சொந்தத் தங்கையைப் பற்றி.

நான் எதற்குப் பயந்தேன்? நீ இல்லாமல் அவள் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டது எனக்கு உறுத்தியதா? அப்படி நினைக்கிறவன் நீ இல்லையே. அப்புறம் நான் யாருக்காகக் காவல் காத்தேன்?

ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கீழ்க்கட்டளைக்குப் போனோம். புதுசும் பழசுமாகக் கேமரா விற்கிற கடை, முதல் மாடியில். கடைக்காரர் பெயர் தினேஷ். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கடலோரக் குப்பத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இன்னா சார், யாருக்குக் கேமரா?”

“எனக்கு” என்றாள் மெஹர், நான் வாயைத் திறப்பதற்குள்.

“சொல்லுங்கக்கா.”

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வாங்குவதற்கு முன்னால் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று ரகு சார் சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நான் அந்தத் தாளை நம்பவில்லை. ரகு சாரும் இந்தக் கடைக்காரரும் கூட்டாக இருந்தால்?

தினேஷ் வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தார். கண் வைக்கிற ஜன்னல் இடது மூலையில் இருந்தது. முதலில் நான் வாங்கிப் பார்த்தேன். உடம்பின் ஓரங்களில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. ஜன்னலைச் சுற்றியிருந்த ரப்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தது.

“டயர் மட்டும் புதுசு. வண்டி எவ்ளோ ஓடியிருக்கு?” என்றேன்.

“ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு சார், நான்தான் மாத்துனேன். மறைக்கல. இந்தச் சீட்டுலயே எழுதிக் கீது பாருங்க.”

எழுதித்தான் இருந்தது. ஒன்றை வலிய வந்து சொல்கிறவன் வேறு ஒன்றை மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மெஹர் வாங்கினாள். மச்சான், நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மிக்ஸி வாங்கக்கூட ‘அவர் பாத்துப்பார்’ என்று உன் பின்னால் நின்றவள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் ஜன்னலில் கண்ணை வைத்து, “நாலு மூலையும் தெரியணும், கண்ணாடி போட்டுக்கிட்டே” என்றாள். கடையின் ஜன்னலோரம் போய் மேடவாக்கம் பக்கம் போகிற பஸ்ஸைத் துரத்திக் கேமராவைத் திருப்பினாள். “படம் பஸ்ஸுக்குப் பின்னால இழுக்குதான்னு பாக்கணும்.” இருட்டான அலமாரிக்குள் நீட்டிப் பார்த்து, “இங்க கொஞ்சம் புள்ளி புள்ளியாத் தெரியுது” என்றாள். தினேஷ் மரியாதையோடு, “அது எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்க்கா” என்றார்.

தாளில் கடைசியாக ஒன்று இருந்தது. ஜன்னலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டுக்காட்டுகிற வசதி. படம் சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும். தினேஷ் அதைப் போட்டுக் கொடுத்தார். மெஹர் கண்ணை வைத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தாள்.

“கோடு வளைஞ்சிருக்கே” என்றாள். “நடுவுல. தண்ணிக்குள்ள தெரியிற மாதிரி.”

எனக்குள் எழுந்தது சந்தோஷம்தான் மச்சான், பொய் சொல்ல மாட்டேன். “அப்பவே நினைச்சேன்! ரப்பர் புதுசுன்னா உள்ள எதோ பழசு!”

தினேஷ் வாங்கிப் பார்த்தார். “நேராத்தான் சார் கீது.” என்னிடம் தந்தார். நேராகத்தான் இருந்தது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் கண் வைக்கும் ஜன்னலோரம் இருந்த பொடிச் சக்கரம் ஒன்றை அவர் விரல் திருப்பியதைப் பார்த்திருந்தேன்.

“அதத் திருப்பிச் சரி பண்ணிட்டுத் தர்றீங்க!”

“அது கண்ணு பவருக்கு சார். எழுத்து தெளிவாத் தெரியத் திருப்பறது. கோட்டையெல்லாம் வளைக்காது.”

கறுப்பு நிறத்தில் இன்னொன்றை எடுத்தார். அதில் ஜன்னல் நடுவில் இருந்தது. மெஹர் பார்த்தாள். வளைந்திருந்தது, அதே நடுவில். மூன்றாவதாக ஒன்றைப் பெட்டியைப் பிரித்தே எடுத்துக் கொடுத்தார். அதிலும் அப்படியே.

நான் கத்திவிட்டேன். மூன்றும் டூப்ளிகேட்டா, பொம்பளைன்னா ஏமாத்திடலாம்னு நினைச்சியா, போலீஸுக்குப் போவேன் என்றெல்லாம். மெஹர் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கீழே டீக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

தினேஷ் மெஹரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க எந்தக் கண்ணுல பாத்தீங்க?”

“வலது கண்ணு.”

“அத்த மூடிகினு இடது கண்ணுல பாருங்க.”

பார்த்தாள். “இப்ப நேரா இருக்கே!”

“மறுபடி வலது.”

“வளையுது.”

கேமராவை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். “கேமராவே வேணாம். இடது கண்ணைக் கையால பொத்திகினு, அதோ அந்த இரும்பு அலமாரி ஓரத்தைப் பாருங்க.”

மெஹர் பொத்திக்கொண்டு பார்த்தாள். முகம் மாறியது. “அலமாரி... வளைஞ்சிருக்கு” என்றாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. “இது என்ன புது ட்ரிக்கு?” என்று கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சார்,” என்றார் தினேஷ். “எங்கம்மா மீன் விக்கிறவங்க. கத்தி வளைஞ்சிருக்கு, மீன் சரியா வெட்ட வரலன்னு சொல்லிகினே இருந்தாங்க. ரெண்டு கத்தி மாத்திக் குடுத்தேன். மூணாவதும் வளைஞ்சிருக்குன்னாங்க. அப்பறம்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். ஒரு கண்ணு போயிட்ச்சு. முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னாங்க.” மெஹர் பக்கம் திரும்பினார். “இன்னிக்கே போங்கக்கா. நாளைக்குன்னு வைக்காதீங்க. கேமரா எங்கியும் போவாது.”

விற்க உட்கார்ந்தவர் எங்களை வெளியே அனுப்பினார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கடைக்காரரிடம் எனக்குச் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை.

படி இறங்கும்போது மெஹர் ஒவ்வொரு படியிலும் காலால் துழாவி இறங்கினாள். இது எத்தனை நாளாக? மேசையில் கொட்டிய டீ அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெயரைச் சொன்னதால் கை தடுமாறவில்லை மச்சான். டம்ளர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மா கேட்டார், “ஷுகர் எத்தனை வருஷமா?”

“பதினோரு வருஷமா.”

“கண்ணு கடைசியா எப்ப செக் பண்ணீங்க?”

“அவர் இருந்தப்ப” என்றாள் மெஹர்.

வருஷத்துக்கு ஒருதடவை நீதானே அவளைக் கூட்டிப்போவாய். அந்த நாளில் உன் கடையை மத்தியானமே சாத்துவாய், திரும்பும்போது பிரியாணி வாங்கி வருவாய், அது எனக்கும் தெரியும். நீ போன பிறகு யாரும் கூட்டிப்போகவில்லை. பாத்துக்குறேன் என்று சொன்னவன் நான். அவள் யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு வெளியே போகிறாள், எல்லாவற்றையும் பார்த்தேன். கண்ணைப் பார்த்தாயா என்று ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

சர்க்கரையால் வலது கண்ணின் உள்திரையில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் நன்றாக இருப்பதால் இரண்டு கண்ணாலும் பார்க்கும்போது குறை வெளியே தெரியவில்லையாம். ஒரு கண்ணை மட்டும் வைத்து எதையாவது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். “கேமரா வாங்கப் போனது நல்லதாப் போச்சு. இன்னும் ஆறு மாசம் போயிருந்தா பார்வைக்கு நான் எந்த உத்தரவாதமும் சொல்லியிருக்க முடியாது” என்றார். மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்.

முதல் ஊசி போட்ட அன்று அவள் கண்ணில் பிளாஸ்திரியோடு வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். பயந்த அளவுக்கு இல்லை என்றாள். எனக்கு இனிமேல் தாங்காது என்று தோன்றியது.

“மெஹர், உன் போனை ஒருநாள் திறந்து பாத்தேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“போட்டோ இருக்குற பக்கத்தை மூடாமலே வெச்சுட்டுப் போயிருந்த. நீயாச் சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.” பிறகு, கோபமில்லாமல், அதுதான் கொடுமை, கோபமே இல்லாமல் சொன்னாள்: “அவரு இருந்த அத்தனை வருஷத்துல என் போனை எடுத்ததே இல்ல அண்ணே.”

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் எழுந்து போனேன்.

இதுவரை மூன்று ஊசி ஆகிவிட்டது. நீர் வற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் கோடு லேசாக நெளிகிறதாம். போன வாரம் அவளே, “வா, கீழ்க்கட்டளைக்குப் போலாம்” என்றாள். தினேஷிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க சார். அக்கா கண்ணு இன்னா சொல்லுது?” என்றுதான் அவர் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடையில் நான் அழுதேன். அவர் திரும்பிக்கொண்டு ஏதோ லென்ஸைத் துடைத்தார்.

மெஹர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்தாள், இந்தத் தடவை இடது கண்ணால். வெள்ளிக் கேமராவில் ஜன்னல் இடது மூலையில் இருப்பதால், இடது கண்ணை வைத்தால் மூக்கு பின்பக்கத் திரையில் இடிக்கிறது, திரையும் விரல் தொட்டதாக எடுத்துக்கொண்டு வேறெங்கோ ஃபோகஸ் போகிறது. கறுப்பில் அந்தத் தொல்லை குறைவு. நாலு மூலையும் தெரிந்தது, பஸ் இழுக்கவில்லை. “இதுதான்” என்றாள். பிரித்து மாட்டிய அடையாளமாகத் திருகாணிகளில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். இல்லை. புத்தி ஒரேயடியாகப் போய்விடுமா?

ரகு சாரும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. இந்த மனிதர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டம் வண்டலூருக்குப் போகிறதாம், மெஹரும் போகிறாள். எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்க வாய் வந்தது. ‘தண்ணி பாட்டில் எடுத்துக்கோ’ என்று மாற்றிச் சொன்னேன்.

இன்னொரு செய்தி. எனக்கும் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். கண்ணை ஒருநாளும் காட்டியதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர்கோடு எதையும் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மெஹரே வியாழக்கிழமைக்கு எனக்கு நேரம் வாங்கிவிட்டாள். மருந்து விட்டால் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, அதனால் ஆட்டோவில் போகிறோம்.

போவேன் மச்சான், இது உனக்குத் தருகிற வாக்கு. வருஷா வருஷம் அவளைக் கூட்டிப்போவேன், நானும் காட்டிக்கொள்வேன். திரும்பி வரும்போது தெரு மங்கலாக இருக்கும், அவள்தான் என் கையைப் பிடித்து இறக்குவாள். நான் உதறாமல் அவள் பின்னால் நடப்பேன்.

என்றும் உன் மச்சான்,
மெஹரின் அண்ணன்,
சாதிக்